மிதக்கும் பிரிட்ஜ்

ஜனவரி 8, ஞாயிறு

புது கிட்டார் வந்துவிட்டது. கறுப்பு. கூடவே இந்த நோட்டும் ஆரம்பம். பம்ப் கம்பெனியில் பதினோரு வருடமாகத் தரக்கட்டுப்பாட்டில் இருப்பவனுக்கு, எதையும் தேதி போட்டு எழுதாவிட்டால் அது நடந்த மாதிரியே இருக்காது. பகலெல்லாம் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர்களை அளக்கிறேன். நூறில் இரண்டு மில்லிமீட்டர் கூடினால்கூடச் சிவப்புப் பெயின்ட் அடித்து ஓரமாக வைத்துவிடுவேன். என் மேஜைப் பக்கம் வர லேத்காரர்கள் பயப்படுவார்கள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

மே ஒன்றாம் தேதி ரெக்கார்டிங். எங்கள் பேண்ட் ‘மூன்றாம் கியர்’ தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது. பாட்டுக்காரர் கிடையாது, கிட்டார், பேஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். கல்லூரி விழாக்களில் வாசித்திருக்கிறோம். ஒரு முறை உரக்கடை திறப்பு விழாவுக்கு அழைத்தார்கள், போய் வாசித்து அங்கிருந்த ஆடுகளை விரட்டினோம். ஆனால் எங்கள் பெயரில் இதுவரை ஒரு பாட்டுகூட வெளியாகவில்லை. சாயிபாபா காலனியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் லோகு அந்த ஒரு நாளை எங்களுக்கு ஒதுக்கியிருக்கிறார். மறுநாள் அவர் பட வேலையாகக் கொச்சி போகிறார், திரும்பி வருவது எப்போது என்று அவருக்கே தெரியாது. நான்கு பாட்டு, ஒரே நாள்.

அதற்குள் என் பாம் மியூட் சரியாக வேண்டும். மெட்டல் இசைக்கு உயிரே அதுதான். வலது உள்ளங்கையின் ஓரத்தை, கம்பிகள் அவற்றைத் தாங்கும் உலோகக் கட்டையான பிரிட்ஜில் ஏறும் இடத்தில் வைத்துக்கொண்டு அடித்தால், கம்பி கணீரென்று ஒலிக்காமல் ‘ஜுக் ஜுக்’ என்று தொண்டையைச் செருமும். கைவந்தவர்கள் வாசித்தால் அது நெஞ்செலும்பில் வந்து தட்டும். எனக்குத் தகர டப்பா மாதிரி வருகிறது.

மதியம் மூன்று மணிக்கு மெத்தை குடோனில் பயிற்சி. டிரம்ஸ் வாசிக்கும் இம்தியாஸ் கல்லூரியிலிருந்தே என் கூட்டாளி. உக்கடத்தில் அவன் அப்பாவுக்கு மெத்தைக்கடை. சுற்றிலும் மெத்தை அடுக்கியிருப்பதால் எவ்வளவு சத்தம் போட்டாலும் தெருவில் ஒருவருக்கும் கேட்காது. பேஸ் கிட்டார் ஹெப்சிபா. ரத்தப் பரிசோதனை லேபில் வேலை, ஞாயிறு காலை சர்ச்சில் வாசிப்பு, அது முடிந்ததும் சேலையோடு நேராக இங்கே. போன வருடம்தான் சேர்ந்தாள். மூன்றே வாரத்தில் எல்லாப் பாட்டும் மனப்பாடம். அவற்றை எழுதிய எனக்கே சில இடங்கள் மறந்துபோகும் என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

புது கிட்டாரின் பிரிட்ஜ் மரத்தோடு இறுக்கியதல்ல, மிதப்பது. முன்னால் கம்பிகளும் பின்னால் ஸ்பிரிங்குகளும் இழுக்க, நடுவில் சமமாக நிற்கும். ஒரு சின்னக் கைப்பிடியால் அசைத்தால் கிட்டார் ஊளையிடும். நான்காவது பாட்டில் அந்த ஊளை வேண்டுமென்றுதான் இதை வாங்கினேன். ஹெப்சி ஒரு விரலால் பிரிட்ஜை அமுக்கிப் பார்த்தாள்.

“அட, தொட்டாலே அசையுதுங்ணா.”

“அதுக்குத்தான இத வாங்குனதே,” என்றேன்.

ஜனவரி 15

பொங்கல். அம்மா கொடுத்த முந்திரி உடைக்கும் வேலையை முடித்துவிட்டு இரண்டு மணி நேரம் சாதகம். ஒரு கண்டுபிடிப்பு: ஆம்பில் கரகரப்பு கூட்டும் டிஸ்டார்ஷனை எட்டிலிருந்து ஐந்துக்குக் குறைத்தால் சத்தம் குறையவில்லை, கனம் கூடுகிறது. இத்தனை வருடம் மிளகாய்த்தூளை அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜனவரி 22

இன்று குடோனில் ஏதோ புளித்தது. மியூட் செய்து வாசிக்கும் இடங்களில் கிட்டாரும் பேஸும் ஒட்டவில்லை. சுருதி காட்டும் ட்யூனரில் பார்த்தேன், என் ஆறு கம்பிகளும் முள் முனை பிசகாமல் சரி.

ஹெப்சி தயங்கித் தயங்கி, “அண்ணா, கைய கொஞ்சம் லேசா வெச்சுப் பாருங்ளேன்,” என்றாள்.

“இது ஞாயித்துக்கெழமை ஆராதனை இல்லம்மா. மெட்டல்னா அமுத்தித்தான் வாசிக்கணும்.”

எல்லோரும் சிரித்தோம். எல்லோரும் என்றால் நானும் இம்தியாஸும்.

ஜனவரி 23

412 இம்பெல்லர். 3 நிராகரிப்பு.

பிப்ரவரி 5

பிடிபட்டுவிட்டது! இரண்டு காரியம் செய்தேன். கம்பியை மீட்டும் மெல்லிய பிக்கைத் தூக்கி எறிந்துவிட்டு தடித்த, வளையாத பிக். அடுத்து, உள்ளங்கை எங்கே உட்கார வேண்டும் என்று மார்க்கரால் பிரிட்ஜில் கோடு போட்டேன். கோட்டுக்கு முன்னால் போனால் கம்பி செத்துவிடுகிறது, பின்னால் போனால் கத்துகிறது. சரியாகக் கோட்டில் வைத்து ஓங்கி அமுத்தினேன். புளிப்பு போய்விட்டது. மூன்று பேரும் ஒரே இயந்திரம் மாதிரி ஓடினோம். வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு நானே ஒரு பன் பட்டர் ஜாம் வாங்கிக் கொடுத்துக்கொண்டேன்.

ஒரு விசித்திரம். ஹெப்சி இப்போதெல்லாம் தாழ்ந்த ‘ஈ’ (E) சுரத்தைத் திறந்த கம்பியில் வாசிப்பதில்லை. பக்கத்திலுள்ள தடித்த கம்பியில், ஐந்தாம் கட்டையில் விரல் வைத்து வாசிக்கிறாள். சும்மா கிடைக்கும் சுரத்துக்கு எதற்கு இந்தப் பாடு?

“இங்க சத்தம் நல்லா தடிமனா இருக்குதுங்ணா,” என்றாள்.

மோதிர விரலில் பிளாஸ்திரி. லேபில் ஊசி கீசி குத்தியிருக்கும். அதோடு ஒரு மணி நேரம் முகம் சுளிக்காமல் வாசித்தாள். அந்தப் பெண்ணின் உறுதியைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரி 19

கல்லூரி விழா. முந்நூறு பேர். என் மியூட் அடிக்கு முன்வரிசைத் தலைகள் ஒன்றாக ஆடின. இறங்கி வந்தபோது ஒரு பையன் என் கையைப் பிடித்துப் பார்த்தான். ஹெப்சியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் ஓரமாக உட்கார்ந்து விரலை ஐஸ் வாட்டர் பாட்டிலில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

ஆனால் நான் மியூட்டை எடுத்துவிட்டு கம்பிகளை முழுசாக ஒலிக்கவிடும் இடங்களில் பேஸ் ஒரு நொடி மேலே நின்று, பிறகு இறங்கி வந்து சேர்ந்தது. மற்றவர்களுக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

மார்ச் 5

நான்கு பாட்டையும் போனில் பதிவு செய்து, ஹெட்செட் மாட்டிக் கேட்டேன். சந்தேகமே இல்லை. மாறும் இடமெல்லாம் பேஸ்தான் சறுக்குகிறது. ட்யூனரை அவள் கிட்டாரில் மாட்டிப் பார்த்தேன், கம்பிகள் சரியாகத்தான் இருக்கின்றன. அப்படியென்றால் குறை அவள் விரலில். இம்தியாஸிடம் சொன்னேன். அவன் சிம்பலின் திருகைத் திருகிக்கொண்டே இருந்தான்.

நூறில் இரண்டு மில்லிமீட்டருக்கே சிவப்புப் பெயின்ட் அடிக்கிறவன் நான். இதை மட்டும் எப்படி விடுவது?

மார்ச் 12

சொல்லிவிட்டேன்.

“ஹெப்சி, ரெக்கார்டிங்குக்கு மட்டும் வேற ஆளப் பாக்கலாம்னு இருக்கம்மா. சுருதி கொஞ்சம் நகருது. தப்பா எடுத்துக்காத.”

ஏதோ சொல்ல வந்தாள் என்று நினைக்கிறேன். பிறகு “சரிங்ணா” என்று மட்டும் சொன்னாள். தன் வயரைச் சுருட்டினாள். தரையில் கிடந்த என் வயரையும் முறுக்கு எடுத்துச் சுருட்டி, கட்டி, ஆம்ப் மேல் வைத்தாள். இம்தியாஸின் அம்மாவிடம் போய்ச் சொல்லிக்கொண்டாள். ஒரு கோணல் பேச்சு இல்லை. அவ்வளவு அழகாக ஒருவர் கிளம்பிப் போய் நான் பார்த்ததில்லை.

செய்தது சரிதான்.

மார்ச் 13

கேஸ் புக் செய்தேன். கிட்டாரை எடுக்கவில்லை.

மார்ச் 26

புது பேஸ்காரர் அபிநவ் வந்தார். பெரிய கச்சேரிகளில் வாசிப்பவர், பெங்களூரு வரை பெயர். உட்கார்ந்தார், ட்யூன் செய்தார், முதல் பாட்டைத் தொடங்கினோம்.

பயங்கரம். ஜனவரியில் லேசாகத்தான் புளித்தது. இன்று திரிந்த பால். மியூட் செய்யும் இடம் ஒன்றுவிடாமல் பல் கூசியது. இம்தியாஸ் பாதியில் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான்.

“ப்ரோ, நீங்க மேல போறீங்க,” என்றார் அபிநவ்.

“நானா? இப்பத்தான் ட்யூனர்ல பாத்தனுங்க.”

“சும்மா தட்டிப் பாத்திருப்பீங்க. பாட்டுல அடிக்கற மாதிரியே அமுத்தி அடிச்சுட்டு முள்ளப் பாருங்க.”

அமுத்தி அடித்தேன். முள் நடுவிலிருந்து வலது பக்கம் சாய்ந்து அங்கேயே நின்றது. கையை எடுத்தேன், நடுவுக்கு வந்தது. வைத்தேன், சாய்ந்தது.

“மிதக்கற பிரிட்ஜ் ப்ரோ. நீங்க அமுத்த அமுத்த அது கம்பிய இழுக்குது. இதுவரைக்கும் எப்படி ஒத்து வாசிச்சீங்க?”

இம்தியாஸ் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான். அபிநவ் நல்ல மனிதர், டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்.

மார்ச் 27

கம்பெனிக்கு லீவு. பதினோரு வருடத்தில் காய்ச்சல் இல்லாமல் போட்ட முதல் லீவு.

ட்யூனர் முன்னால் உட்கார்ந்து ஐம்பது தடவை அளந்தேன். ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் இடையில் நூறு பங்கு என்று வைத்தால், நான் அமுத்தும்போது சராசரி பதினெட்டு பங்கு மேலே போகிறேன். உற்சாகம் வந்தால் இருபத்தைந்து. டயல் கேஜைக் கையால் அழுத்திக்கொண்டு அளக்காதே என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் முதல் நாள் பாடம் எடுப்பவன் நான்.

பிறகு மார்ச் 5 பதிவை எடுத்து, கிட்டார் ஓயும் இடைவெளிகளில் பேஸை மட்டும் ட்யூனருக்குக் கேட்கவிட்டேன். மியூட் பகுதிகளில் பேஸும் பதினெட்டு பங்கு மேலே. நான் இருபத்தைந்து போன இடத்தில் அவளும் இருபத்தைந்து.

அவள் கம்பிகள் சரியாக இருந்தன, நானே பார்த்தேன். அப்படியென்றால் ஒரே வழிதான் இருக்கிறது. விரலால் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளி, ஒவ்வொரு சுரத்தையும் என் உயரத்துக்கு இழுத்திருக்கிறாள். திறந்த கம்பியை அப்படி இழுக்க முடியாது. அதனால்தான் ஐந்தாம் கட்டை. பேஸ் கம்பி, அதுவும் அந்தத் தடித்த கம்பி, சைக்கிள் பிரேக் வயர் மாதிரி இருக்கும். ஒரு பாட்டில் அறுநூறு மியூட் சுரம் என்று கணக்குப் போட்டேன். அத்தனையையும் இழுத்து, நான் மியூட்டை விட்டதும் பழைய இடத்துக்கு இறங்கி, மறுபடி ஏறி. அந்த இறங்கும் நொடியில் கால்வாசி பிந்தியதற்குத்தான் நான் அவளை அனுப்பினேன்.

இப்படி ஒரு காதையும் இப்படி ஒரு விரலையும் நான் கேள்விப்பட்டதே இல்லை. என் ஆயுசுக்கும் எனக்கு வராது. பக்கத்திலேயே நின்று வாசித்தாள், நான் என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 28

இம்தியாஸுக்குத் தெரியுமாம்!

“பிப்ரவரிலயே எங்கிட்ட சொல்லிட்டா மாப்ள. ‘அண்ணனுக்கு அந்த கிட்டார்னா உசுரு, நீங்க எதும் சொல்லிராதீங்க, நான் பாத்துக்கறேன்’னா.”

“நான் அவள அனுப்பறப்பவாவது சொல்லியிருக்கலாமில்லடா?”

“நீ கேக்கற மாதிரியா நின்ன?”

போனை வைத்துவிட்டு அவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். பத்து நிமிடத்தில் அந்தத் திட்டெல்லாம் சரியான முகவரிக்கு வந்து சேர்ந்தது.

ஏப்ரல் 3

போனில் சொல்ல வாய் வரவில்லை. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் அவளுடைய லேபுக்குப் போய், சர்க்கரை டெஸ்ட் என்று சொல்லி வரிசையில் உட்கார்ந்தேன். என் முறை வந்தது. கையுறையோடு ஹெப்சி.

“பேரு?” என்றாள், தெரியாதவள் போல.

“தரணிதரன்.”

“வயசு?”

“முப்பத்தி நாலு.”

“எந்த டாக்டர் எழுதிக் குடுத்தாங்க?”

“யாரும் எழுதலம்மா. நானாத்தான் வந்தேன்.”

புஜத்தில் ரப்பர் பட்டையைக் கட்டி, முழங்கை மடிப்பில் ஒரு விரலால் தேடினாள். தொடுவதே தெரியவில்லை. “கைய லூசா விடுங்ணா. இப்படி இறுக்குனா நரம்பு கெடைக்காது.”

“ஹெப்சி, சுருதி நகந்தது உன்னால இல்ல. என் கை.”

ஊசி இறங்கியது. “தெரியுங்ணா.”

“ஏம்மா சொல்லல?”

“சொன்னனுங்ணா, ஜனவரில. நீங்க சிரிச்சீங்க.” ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்தாள். “அமுத்திப் புடிங்க. இங்க அமுத்தலாம்.”

பஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ட்யூபில் என் பெயரை எழுதியபடி அவளே பேசினாள்.

“எங்க சர்ச்சுல கீபோர்டுக்காரர் வராத அன்னைக்கு, சனங்க பாடப் பாட சுருதி ஏறிட்டே போகும். அவங்கள நிறுத்தவா முடியும்? பேஸுதான் கூடப் போகோணும். அதே மாதிரி இங்கயும் போலாம்னு நெனச்சேன். ரெண்டு பேரும் ஒண்ணா இருந்தாப் போதுமில்லீங்களா. ஆனா அன்னைக்கு நீங்க என் சுருதி சரியில்லன்னு சொன்னப்ப… வீட்டுக்குப் போய் அழுதனுங்ணா.”

“மன்னிச்சுரு ஹெப்சி. எனக்கு வேற வார்த்தை தெரியல.”

அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டாள். நான் வாசல் வரை போனபோது பின்னாலிருந்து குரல் வந்தது. “ஈஸ்டர் முடியட்டுங்ணா. பாக்கலாம்.”

சர்க்கரை 94. நார்மல்.

ஏப்ரல் 9

பிரிட்ஜுக்குப் பின்னால் மரக்கட்டையை வைத்து அசையாமல் அடைத்துவிடலாம் என்கிறான் இம்தியாஸ். அரை மணி வேலை. ஆனால் நான்காவது பாட்டின் ஊளை போய்விடும். அது ஒரு காரணம். என் கை திருந்த வேண்டும் என்பது இன்னொன்று.

முறை இதுதான். ட்யூனரைப் பார்த்துக்கொண்டே மியூட் அடிப்பது, முள் அசைந்தால் நிறுத்தி முதலிலிருந்து. கையின் பாரம் முழுவதும் முழங்கை வழியாகக் கிட்டாரின் உடம்பில் இறங்க வேண்டும், உள்ளங்கை கம்பியைத் தொட்டால் போதும். முதல் நாள் நான்கு அடி தாண்டவில்லை.

ஏப்ரல் 16

முப்பத்திரண்டு அடி. முள் அசையவில்லை.

சத்தம் மாறிவிட்டது! ஓங்கி அமுத்தியபோது கம்பியின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். லேசாக வைத்ததும் ஒவ்வொரு அடிக்கும் அடியில் ஒரு உறுமல் வருகிறது. ஜனவரியிலிருந்து ஆம்பிலும் பிக்கிலும் தேடியது இது.

நாலு மணிக்கு ஹெப்சி வந்தாள். வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவள், “இப்பத்தாங்ணா கிட்டார் மாதிரி இருக்குது,” என்று உறையைப் பிரித்தாள். எனக்குக் கண் கலங்கியது. மெத்தைப் பஞ்சு என்று சொல்லிச் சமாளித்தேன்.

மே 1

ஒன்பது மணிக்குத் தொடங்கி மதியத்துக்குள் இரண்டு பாட்டு முடிந்தது. இரண்டிலும் தாழ்ந்த ‘ஈ’தான் அதிகம், ஹெப்சி திறந்த கம்பியிலேயே வாசித்துவிட்டாள். “கிட்டார் நல்லா உறுமுதுங்க,” என்றார் லோகு. மற்ற நாளாக இருந்தால் அதை வைத்து ஒரு பக்கம் எழுதியிருப்பேன்.

மூன்றாவது பாட்டில் சுரங்கள் கட்டை கட்டையாக ஏறும். ஒவ்வொன்றுக்கும் விரல் வைத்தே ஆகவேண்டும். லோகு பாதியில் நிறுத்தினார். “பேஸ் மேல போகுதுங்களே. ட்யூன் பாத்துக்கறீங்களா?”

பார்த்தோம், சரி. மறுபடி தொடங்கினோம். மறுபடி மேலே. ஹெப்சி தன் இடது கையைத் தூக்கிப் பார்த்தாள். என் கை திருந்திவிட்டது. ஒன்றரை மாதம் இழுத்துப் பழகிய அவள் விரல், நான் மியூட் அடித்த மாத்திரத்தில் தானாகவே கம்பியை இழுக்கிறது. வெறும் மூன்று ஞாயிறு பயிற்சியில் அது போகவில்லை. ஐந்து முறை முயன்றாள். முகம் வெளிறிவிட்டது.

“பேஸ் லைனக் கொஞ்சம் சுலபமா மாத்திக்கறாங்களா?” என்றார் லோகு, என்னிடம் மட்டும்.

“அவ தப்பு இல்லீங்க,” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. “நான் ரெண்டு மாசமா தப்பான சுருதில வாசிச்சேன். அவ அத வெளிய தெரியாம இழுத்துச் சரி பண்ணிட்டிருந்தா. அதுக்கு நான் அவளையே வெளிய அனுப்புனேன். அந்த விரல் இன்னும் என்னைக் காப்பாத்திட்டு இருக்குது, அவ்வளவுதான்.”

கடிகாரத்தில் நான்கு பத்து. ஆறுக்கு லோகு பெட்டி கட்டவேண்டும்.

“நாலாவது பாட்டு வேண்டாம் லோகு. மீதி நேரம் இதுக்கே இருக்கட்டும்,” என்றேன். இம்தியாஸ் என்னையும் கிட்டாரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு ஹெப்சியிடம் சொன்னேன்: “நான் பழைய மாதிரி அமுத்தி வாசிக்கறேம்மா. முள்ளப் பாத்துட்டே சரியா பதினெட்டுல நிறுத்தறேன். நீ எதையும் மாத்த வேண்டாம்.”

அவள் தலையாட்டினாள். “வேண்டாங்ணா. கெடுத்துக்காதீங்க. நீங்க அங்கயே நில்லுங்க. நான் வர்றேன்.”

நின்றேன். அந்த ஒரே வரியை மெதுவாக, திரும்பத் திரும்ப வாசித்தேன், உள்ளங்கை கம்பியில் இருக்கிறதா என்று எனக்கே தெரியாத அளவுக்கு லேசாக. அவள் எனக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பேஸ் மேலே நின்றது. கொஞ்சம் இறங்கியது. பிடித்தாள், நழுவவிட்டாள். நான் நிறுத்தவில்லை. அவசரம் என்று ஒரு அடியில்கூடக் காட்டிவிடக் கூடாது என்பதைத் தவிர என் மனதில் வேறு எதுவும் இல்லை. இம்தியாஸ் குச்சிகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். லோகு கடிகாரம் இருந்த சுவருக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

ஐந்தேகால் இருக்கும். இரண்டு சத்தமும் ஒன்றாகி, எது என்னுடையது என்று எனக்குக் கேட்கவில்லை.

“வந்துட்டேங்ணா,” என்றாள் ஹெப்சி.

லோகு ரெக்கார்ட் பட்டனைத் தட்டினார்.